தூய எரிசக்திப் புத்தொழில்களுக்கான அரசு மானியத் திட்டத்தை நடத்துவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்பவருக்கான வழிகாட்டி

அரசுத் துறையிலோ அதன் கீழ் இயங்கும் செயலாக்க முகமையிலோ புதிதாகப் பொறுப்பேற்ற ஒருவரிடம் தூய எரிசக்திப் புத்தொழில் நிறுவனங்களுக்கான மானியத் திட்டம் ஒப்படைக்கப்படும்போது, அவர் கையில் பெரும்பாலும் ஓர் அரசாணையும் ஒரு நிதி ஒதுக்கீடும் மட்டுமே இருக்கும். அந்த இரண்டிலிருந்து தொடங்கி, விண்ணப்பம் பெறுவது, தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தமிடுவது, தவணை விடுவிப்பது, கண்காணிப்பது, கணக்கை முடிப்பது வரையிலான வேலைகளை எந்த வரிசையில், எதில் கவனம் வைத்துச் செய்வது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் தயாரிப்பில் ஒரு குறையைக் கண்டறிந்தால் அன்றிரவே திருத்திவிட முடியும். சோலார் பேனல், பேட்டரி, எலக்ட்ரோலைசர் (மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும் கருவி), உயிரிவாயுக் கலன் போன்றவற்றை உருவாக்கும் நிறுவனத்துக்கு அது இயலாது. பாகம் வந்து சேர வேண்டும், பொருத்திப் பார்க்க வேண்டும், ஆய்வகத்தில் இடம் கிடைக்க வேண்டும், சோதனை முடிய வேண்டும், சில வேளைகளில் மின்கட்டமைப்பை நடத்தும் நிறுவனத்தின் ஒப்புதலும் வர வேண்டும். இத்தனைக்கும் இடையில் ஊழியர்களின் சம்பளம் மாதந்தோறும் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே, மானியத் தொகை எவ்வளவு என்பதற்கு நிகராக, முடிவு என்றைக்கு வரும், பணம் என்றைக்கு வரும் என்ற உறுதியும் இந்நிறுவனங்களுக்கு முக்கியமானது. திட்டத்தின் ஒவ்வொரு படியிலும் அந்த உறுதியைக் காப்பாற்றுவதே அலுவலரின் தலையாய பொறுப்பு என்பது என் கருத்து.

எந்த இடைவெளியை நிரப்பப் போகிறோம்?

அறிவிப்பு வெளியிடுவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இது. வங்கிக் கடன், முதலீட்டாளரின் பங்கு மூலதனம், கடன் உத்தரவாதம், அரசின் கொள்முதல் ஒப்பந்தம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்தின் வளர்ச்சியில் ஒவ்வொரு கட்டத்துக்குப் பொருந்தும். தொழில்நுட்பம் வேலை செய்யுமா என்பதே தெரியாத கட்டத்தில், திருப்பித் தர வேண்டாத மானியமே பொருத்தமான கருவி. தொழிற்சாலை கட்டும் கட்டத்தில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 2009-இல் சோலார் பேனல் தயாரித்த சோலிண்ட்ரா நிறுவனத்துக்கு 53.5 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் அளித்தது. வழக்கமான பேனல்களின் மூலப்பொருளான பாலிசிலிக்கானின் விலை சரிந்து, அவை மலிவானதால் அந்நிறுவனத்தின் தயாரிப்பு போட்டியிட முடியாமல் போய், 2011-இல் அது திவாலானது. தொழில்நுட்பத்துக்கான ஆபத்தையும் சந்தைக்கான ஆபத்தையும் ஒரே நிறுவனத்தின்மேல் பெருந்தொகையாக வைப்பது எத்தகையது என்பதை மானியத் திட்டம் வடிவமைப்பவரும் இதிலிருந்து அறியலாம்.

இதற்கு நேர்மாறான சான்றும் அதே நாட்டில் உண்டு. 1982-இல் சட்டமாக்கப்பட்ட சிறுதொழில் புத்தாக்க ஆய்வுத் திட்டத்தின் கீழ் அமெரிக்க எரிசக்தித் துறை வழங்கிய மானியங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று, சுமார் 1,50,000 டாலர் மதிப்புள்ள முதற்கட்ட மானியம் பெற்ற நிறுவனங்களுக்குப் பின்னர் துணிகர முதலீடு (ஆபத்தை ஏற்று இளம் நிறுவனங்களில் தனியார் போடும் பங்கு மூலதனம்) கிடைக்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதத்திலிருந்து 19 சதவீதமாக உயர்ந்ததைக் காட்டியது. ஏறத்தாழ 10 லட்சம் டாலர் வரையிலான இரண்டாம் கட்ட மானியத்தில் அத்தகைய விளைவு காணப்படவில்லை. முதற்கட்டப் பணம் முன்மாதிரி செய்து காட்டவும், தொழில்நுட்பத்தைப் பற்றிய ஐயத்தைக் குறைக்கவும் பயன்பட்டது என்பதே ஆய்வின் விளக்கம். எனவே கையிலிருக்கும் ஒதுக்கீடு சிறிதென்றால், அதைப் பல சிறு முதற்கட்ட மானியங்களாகப் பிரிப்பதே பெரும்பாலும் நல்லது.

இடைவெளியைத் துல்லியமாகச் சொல்வதற்குத் தொழில்நுட்பத் தயார்நிலை அளவுகோல் உதவும். நாசாவில் 1970-களில் தோன்றிப் பின்னர் 9 படிகளாக விரிவாக்கப்பட்ட இந்த அளவுகோலில், 3 என்பது கருத்து ஆய்வகத்தில் மெய்ப்பிக்கப்பட்ட நிலை, 6 என்பது பொருத்தமான சூழலில் முன்மாதிரி இயக்கிக் காட்டப்பட்ட நிலை, 9 என்பது உண்மையான பயன்பாட்டில் நிலைபெற்ற நிலை. “3-இல் நுழைந்து 6-இல் வெளியேறும் திட்டங்களுக்கு மட்டும்” என்று எழுதிவிட்டால், விண்ணப்பிப்பவருக்கும் மதிப்பிடுபவருக்கும் எல்லை தெளிவாகும். 2-லிருந்து 9 வரை எல்லாவற்றையும் வரவேற்கும் அறிவிப்பில், ஆய்வகக் கருத்தும் விற்பனைக்கு வந்த பொருளும் ஒரே மதிப்பெண் தாளில் போட்டியிடும். அந்தப் போட்டியில் நியாயமான முடிவு வராது.

விதிமுறைகளை எழுதும்போது

எந்தச் செலவுக்கு மானியப் பணத்தைப் பயன்படுத்தலாம் என்ற பட்டியலை வரைவதில் நிதிப் பிரிவையும் தணிக்கைப் பிரிவையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். (நிதிப் பிரிவினரைத் தடையாகப் பார்க்கும் பழக்கம் பல துறைகளில் உண்டு. விதியின் நோக்கத்தை வரைவு நிலையிலேயே விளக்கியிருந்தால், பின்னர் தவணைக் கோப்பை விரைவாக நகர்த்துபவர்களும் அவர்களே.) சம்பளம், மூலப்பொருள், கருவி வாடகை ஆகியவை எல்லாப் பட்டியல்களிலும் இருக்கும். தூய எரிசக்தித் துறையில் அடிக்கடி விடுபட்டுப்போகும் மூன்று செலவுகளை நீங்களே எழுதிச் சேர்த்துவிடுங்கள்: சான்றளிப்புச் சோதனைக் கட்டணம், சோதனையில் அழிந்துபோகும் மாதிரிகளின் விலை, பாதுகாப்பு ஏற்பாடு. லித்தியம் பேட்டரிகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதற்கே ஐ.நா. 38.3 என்ற சோதனைத் தொகுப்பில் தேறியிருக்க வேண்டும். சோலார் பேனலுக்கு ஐ.இ.சி. என்ற பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 61215, ஐ.இ.சி. 61730 ஆகிய தரநிலைகள் உள்ளன. இவற்றுக்கான செலவை ஏற்காத மானியம், பொருளைச் செய்ய வைத்துவிட்டுச் சந்தையின் வாசலிலேயே நிறுத்திவிடும்.

நிறுவனத்தின் பங்களிப்பு எவ்வளவு என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பியப் புத்தாக்க மன்றத்தின் முடுக்கித் திட்டம் தகுதியான செலவில் 70 சதவீதம் வரை, 25 லட்சம் யூரோ என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியமாகத் தருகிறது. மீதியை நிறுவனம் திரட்ட வேண்டும். நிறுவனத்தின் பணமும் உள்ளே இருந்தால் கவனம் கூடும் என்பது சரியே. ஆனால் மிக இளம் நிறுவனத்திடம் பாதிச் செலவைக் கேட்பது, ஏற்கெனவே வசதியுள்ளவர்களுக்கு மட்டும் கதவைத் திறப்பதாகிவிடும். முதற்கட்டத்தில் சிறு பங்களிப்பு, அடுத்த கட்டத்தில் கூடுதல் பங்களிப்பு என்று படிப்படியாக உயர்த்துவதே எனக்குச் சரியெனப் படுகிறது. பங்களிப்பைப் பணமாகத்தான் தர வேண்டுமா, நிறுவனரின் உழைப்பு நேரத்தையும் கருவிகளையும் கணக்கில் கொள்ளலாமா என்பதையும் விதியிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிவுசார் சொத்துரிமையில் தயக்கம் வேண்டாம்: கண்டுபிடிப்பின் உரிமை நிறுவனத்திடமே இருக்கட்டும், அரசுத் தேவைகளுக்குப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டும் அரசு வைத்துக்கொள்ளட்டும். 1980-இல் அமெரிக்கா கொண்டுவந்த பேய்–டோல் சட்டம் இந்த ஏற்பாட்டுக்கு நன்கு அறியப்பட்ட முன்னுதாரணம். காப்புரிமையில் அரசுக்கும் பங்கு கேட்கும் விதியைக் கண்டால் முதலீட்டாளர் விலகிச் செல்வார்.

திட்டத்தைத் துறையே நேரடியாக நடத்துவதா, புத்தொழில்களுக்கு இடமும் வழிகாட்டலும் தரும் தொழில் வளர்ப்பகங்கள் (இன்குபேட்டர்கள்) வழியாக நடத்துவதா என்பதையும் இக்கட்டத்தில் முடிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2021-இல் 945 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் இரண்டாவது வழியை எடுத்தது. வளர்ப்பகங்களுக்கு நிதி கொடுத்து, அவை தேர்ந்தெடுக்கும் நிறுவனங்களுக்குக் கருத்து மெய்ப்பிப்பு, முன்மாதிரி, பயன்பாட்டுச் சோதனை ஆகியவற்றுக்காக 20 லட்சம் ரூபாய் வரை, மைல்கல் எனப்படும் குறித்த இலக்குகளை எட்டுவதை ஒட்டி விடுவிக்கப்படும் தவணைகளில் மானியம் தர ஏற்பாடு செய்தது. எண்ணிக்கை பெரிதாகவும் தொகை சிறிதாகவும் இருக்கும்போது இடைநிலை அமைப்பு உதவும். உயர் அழுத்த ஹைட்ரஜனோ பெரிய பேட்டரிகளோ சம்பந்தப்பட்ட திட்டங்களில், அவற்றை மதிப்பிடத் தெரிந்த பொறியாளர்கள் அந்த இடைநிலை அமைப்பில் இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

அழைப்பும் விண்ணப்பமும்

நான்கு பேர் கொண்ட நிறுவனத்தில் முழு விண்ணப்பம் எழுதுவது என்றால், தலைமைப் பொறியாளர் பல வாரங்கள் ஆய்வகத்தை விட்டு விலகியிருக்கிறார் என்று பொருள். அதனால் இரண்டு கட்டமாக அழைப்பதே நல்லது. முதலில் நான்கைந்து பக்கக் கருத்துரு. அதில் தேறுபவர்களிடம் மட்டும் முழு விண்ணப்பம். 2007-இல் சட்டத்தால் அமைக்கப்பட்டு 2009-இல் 40 கோடி டாலர் முதல் நிதியுடன் செயல்படத் தொடங்கிய ஆர்ப்பா-இ என்ற அமெரிக்க எரிசக்தி ஆய்வு முகமை இந்த முறையைப் பின்பற்றுகிறது. விண்ணப்பிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தும் கடிதம் அந்த நாளில் ஏமாற்றமாக இருந்தாலும், நிறுவனத்தின் நேரத்தைக் காப்பாற்றுகிறது.

விண்ணப்பதாரர் ஒருவர் தொலைபேசியில் கேட்கும் ஐயத்துக்குத் தனியாக விடை சொல்லாதீர்கள். கேள்வியை எழுத்தில் பெற்று, கேட்டவரின் பெயரை நீக்கி, விடையுடன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெளியிடுங்கள். கடைசித் தேதி, முடிவு அறிவிக்கும் தேதி, முதல் தவணை விடுவிக்கும் உத்தேச மாதம் ஆகிய மூன்றும் அழைப்பிலேயே அச்சிடப்பட வேண்டும். மூன்றாவதை அச்சிடுவதற்குத்தான் அதிகாரிகள் தயங்குவார்கள். விண்ணப்பதாரர் தம் சம்பளக் கணக்கைப் போடுவது அந்த மூன்றாவது தேதியை வைத்துத்தான்.

தேர்வு

பெறப்பட்ட விண்ணப்பங்களை நிபுணர்களுக்கு அனுப்பும் முன், இயற்பியல் எல்லையை மீறும் கூற்று ஏதேனும் உள்ளதா என்று பார்த்துவிடுவது நல்லது. இதற்குப் பெரிய கணக்கு தேவையில்லை. நல்ல வெயில் கிடைக்கும் இடத்தில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு விழும் சூரிய ஆற்றல் சுமார் 5 முதல் 6 கிலோவாட் மணி. 22 சதவீதத் திறனுள்ள பேனல் அதிலிருந்து ஏறக்குறைய 1.1 முதல் 1.3 யூனிட் மின்சாரமே தர முடியும். அதே பரப்பில் நாள்தோறும் 8 யூனிட் தருவதாக ஒரு விண்ணப்பம் சொன்னால், அது விழும் ஆற்றலைவிடவே அதிகம். அதுபோல, ஒரு கிலோ ஹைட்ரஜனில் அடங்கிய ஆற்றல் அதன் உயர் வெப்ப மதிப்பின்படி சுமார் 39.4 கிலோவாட் மணி. நடைமுறையில் எலக்ட்ரோலைசர்கள் 50 முதல் 55 யூனிட் வரை எடுத்துக்கொள்கின்றன. மின்சாரத்தை மட்டுமே கொண்டு, வெளியிலிருந்து வெப்பம் எதுவும் தராமல், 30 யூனிட்டில் ஒரு கிலோ தயாரிப்பதாகச் சொல்பவரிடம் அளவீட்டு முறையைக் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலும் அலகுகளைக் குழப்பிக்கொண்ட பிழையாகவே இருக்கும். எனவே உடனே தள்ளிவிடாமல் ஒருமுறை விளக்கம் கேட்பது முறை.

ஒவ்வொரு விண்ணப்பத்தையும் குறைந்தது மூவர் தனித்தனியாகப் படிக்க வேண்டும்: தொழில்நுட்பம் அறிந்தவர், அத்தொழில்நுட்பத்தைச் சந்தையில் விற்ற அனுபவமுள்ளவர், நிதி அறிந்தவர். நலன் முரண் (மதிப்பிடுபவருக்கு விண்ணப்பதாரருடன் நடுநிலையைக் கெடுக்கும் தொடர்பு) இல்லை என்ற உறுதிமொழியை விண்ணப்பதாரர் பட்டியலைக் காட்டிய பிறகு, விண்ணப்பத்தைக் காட்டுவதற்கு முன் பெற வேண்டும். பட்டியலைப் பார்க்காமல் கையெழுத்திட்ட பொது உறுதிமொழிக்குப் பயனில்லை. சிறிய துறையில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருப்பார்கள் என்பதால், முன்னாள் மாணவர், முன்னாள் கூட்டாளி, போட்டி நிறுவனத்தில் பங்கு வைத்திருப்பவர் ஆகிய உறவுகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மதிப்பெண் தாளில் “சோதனைத் திட்டம்: 5 மதிப்பெண்” என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால், ஒருவர் தரும் 3-ம் மற்றொருவர் தரும் 3-ம் வெவ்வேறாக இருக்கும். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் விளக்கம் எழுதுங்கள். சோதிக்கப்படும் என்று மட்டும் சொல்லியிருந்தால் 1. எந்தத் தரநிலைப்படி, எந்த ஆய்வகத்தில் என்று சொல்லியிருந்தால் 3. அவற்றுடன் ஆய்வகத்தின் விலைப்புள்ளி, சோதனைக்கு ஆகும் நாட்கள், தேறாவிட்டால் அடுத்து என்ன என்பதும் இருந்தால் 5. இப்படி ஐந்தாறு அளவுகோல்களுக்கு எழுத ஒரு வாரம் ஆகலாம். பின்னர் வரும் முறையீடுகளுக்கெல்லாம் விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

மதிப்பீட்டாளர்களின் ஐயங்களை இறுதி முடிவுக்கு முன் விண்ணப்பதாரருக்கு அனுப்பி, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுத்துமூலம் மறுமொழி பெறுவதை நான் வலியுறுத்துகிறேன். ஆர்ப்பா-இ முகமையிலும் இந்த வழக்கம் உண்டு. புதிய தொழில்நுட்பத்தை நிபுணர்களே தவறாகப் புரிந்துகொள்வது இயல்பு. அதைத் திருத்தும் வாய்ப்பு இல்லாமல் ஒருவரை நிராகரிப்பது அநீதி. நிராகரிப்புக் கடிதத்தில் காரணங்களை எழுதுங்கள். “போட்டி அதிகமாக இருந்தமையால்” என்ற ஒற்றை வரி யாருக்கும் எதையும் கற்றுத்தராது. இந்த ஆண்டு தவறியவர்களில் பலரும் அடுத்த ஆண்டும் நம்மிடமே வருவார்கள்.

ஒப்பந்தமும் மைல்கற்களும்

திட்டத்தின் வெற்றியும் தோல்வியும் பெருமளவில் ஒப்பந்தத்துடன் மைல்கற்களைப் பட்டியலிடும் இணைப்புத் தாளில்தான் எழுதப்படுகின்றன. “பேட்டரி முன்மாதிரியை மேம்படுத்துதல்” என்பது மைல்கல் ஆகாது. அது முடிந்ததா இல்லையா என்று இருவர் வாதிட முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்: “48 வோல்ட், 2 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரித் தொகுப்பு, 45 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 500 முழு மின்னேற்ற-இறக்கச் சுழற்சிகளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்திருப்பதை, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கை காட்ட வேண்டும்.” இதில் வாதத்துக்கு இடமில்லை.

மைல்கல்லை எழுதியவுடன் அதற்குத் தேவைப்படும் காலத்தைக் கணக்கிடுங்கள். மேற்கண்ட எடுத்துக்காட்டில் இரண்டு மணி நேரம் மின்னேற்றி, இரண்டு மணி நேரம் இறக்கி, இடையில் மொத்தம் ஒரு மணி நேரம் ஆறவிட்டால், ஒரு சுழற்சிக்கு 5 மணி நேரம். 500 சுழற்சிகளுக்கு 2,500 மணி நேரம், அதாவது இரவும் பகலும் இடைவிடாமல் ஓடினாலும் 104 நாட்கள். இந்த மைல்கல்லை ஒரு காலாண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், அந்த நிறுவனம் எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் தவறியே தீரும். சோலார் பேனலுக்கான ஐ.இ.சி. 61215 தரநிலையில் 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைக்கும் சோதனை ஒன்று உண்டு. அது மட்டுமே ஏறக்குறைய 42 நாட்கள். அதற்கு முன் ஆய்வகத்தில் வரிசை, பின் அறிக்கை எழுதும் காலம். நிதியாண்டுக் கணக்குக்கு வசதியாக மூன்று மாதத்துக்கு ஒரு மைல்கல் என்று சமமாகப் பிரிக்கும் வழக்கத்தை இந்தத் துறையில் கைவிட வேண்டும். சோதனை முடியும் நாளை வைத்தே மைல்கல்லின் நாள் அமைய வேண்டும். நிதியாண்டு முடிவில் செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் அனுமதியை முன்கூட்டியே நிதித் துறையிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

மைல்கற்களில் ஒன்றையோ இரண்டையோ “தொடர்வதா நிறுத்துவதா” என்று முடிவெடுக்கும் இடமாகக் குறித்து வையுங்கள். மிகப் பெரிய ஐயம் எதுவோ அதைச் சோதிக்கும் மைல்கல் முதலில் வர வேண்டும். சவ்வின் ஆயுள்தான் எலக்ட்ரோலைசரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் என்றால், வெளிப்பெட்டி வடிவமைப்பை முதல் மைல்கல்லாக வைப்பதில் பொருளில்லை. எளிதானதை முதலில் வைத்துப் பணம் பெற்றுவிடும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் இருக்கும்; வரிசையை மாற்றக் கேட்பது அலுவலரின் வேலை.

பணம் விடுவித்தல்

செலவு செய்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டினால் ஈடு செய்வோம் என்ற முறை அரசுப் பணத்துக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் வங்கிக் கணக்கில் மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டும் பணம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது பயன்படாது. முதல் தவணை முன்பணமாகவே இருக்க வேண்டும். பிறகு வரும் ஒவ்வொரு தவணையும், முந்தைய தவணையில் பெரும்பகுதி செலவானதற்கான கணக்கும் மைல்கல் சான்றும் வந்தவுடன் விடுவிக்கப்படலாம். கடைசியில் ஒரு சிறு பகுதியை இறுதி அறிக்கை வரும்வரை நிறுத்தி வையுங்கள். அது சிறிதாகவே இருக்கட்டும். பெரிய செயல்விளக்கத் திட்டங்களிலும் இதே சிந்தனை உண்டு: கார்பன் சந்தையில் உமிழ்வு உரிமங்களை விற்று வரும் வருவாயில் இயங்கும் ஐரோப்பியப் புத்தாக்க நிதியம், திட்டம் முழு இயக்கத்துக்கு வருவதற்கு முன்பே மைல்கற்களின் அடிப்படையில் மானியத்தில் 40 சதவீதம் வரை தர இடமளிக்கிறது.

அலுவலகத்துக்குள் ஒவ்வொரு மேசைக்கும் நாள் கணக்கு வையுங்கள். மைல்கல் அறிக்கை வந்தால் தொழில்நுட்பச் சரிபார்ப்புக்கு இத்தனை வேலைநாள், நிதிப் பிரிவுக்கு இத்தனை, கருவூலத்துக்கு இத்தனை என்று எழுதி, அதை நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். குறை இருந்தால் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். முதலில் வங்கி அறிக்கை, இரண்டு வாரம் கழித்துப் பட்டயக் கணக்காளரின் சான்று, பின்னர் ஒரு கையெழுத்துத் திருத்தம் என்று துண்டு துண்டாகக் கேட்பதால் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில் நல்ல பொறியாளர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். தவணைத் தாமதத்தால் நின்றுபோன தொழில்நுட்பம், வேலை செய்யாததால் கைவிடப்பட்ட தொழில்நுட்பமாகவே பதிவேட்டில் காட்சியளிக்கும் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

தணிக்கைக்கான தயாரிப்பு முதல் தவணையின்போதே தொடங்க வேண்டும். மானியப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு ரசீதிலும் திட்ட எண், ஊழியர்களின் நேரப் பதிவு, மானியத்தில் வாங்கிய கருவிகளின் பதிவேடு ஆகிய நான்கையும் ஒப்பந்தம் கையெழுத்தான வாரத்திலேயே நிறுவனத்தின் கணக்கருக்கு நேரில் விளக்கிவிடுங்கள். இளம் நிறுவனங்கள் அரசுக் கணக்கு முறையை அறிந்திருக்க மாட்டார்கள்; அறியாமையை முறைகேடாக எழுதும் தணிக்கைக் குறிப்பு பின்னர் அவர்களுக்கு முதலீடு கிடைப்பதையே தடுத்துவிடும்.

கண்காணிப்பு

மாத அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் சென்று பாருங்கள். அப்போது விளக்கப்படங்களைக் காட்டச் சொல்லாமல், கருவியை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். தோல்வியுற்ற மாதிரிகளைக் காட்டச் சொல்லுங்கள். வீங்கிய பேட்டரிச் செல்களையும் விரிசல் விட்ட பேனல்களையும் தேதியும் காரணமும் எழுதி அடுக்கி வைத்திருக்கும் குழு, வேலையைப் புரிந்து செய்கிற குழு. தீயணைப்பான், காற்றோட்டம், எரிவாயுக் கசிவு உணரி ஆகியவை இருக்கின்றனவா என்பதை முதல் வருகையிலேயே சரிபாருங்கள். லித்தியம் பேட்டரியோ ஹைட்ரஜனோ கையாளும் இடத்தில் இவை இல்லாமல் அடுத்த தவணையை விடுவிக்கக் கூடாது.

மாற்றம் கேட்டு நிறுவனம் எழுதும்போது அதைக் குற்றமாகக் கருத வேண்டாம். ஒரு வேதிப்பொருள் கிடைக்காமல் வேறொன்றுக்கு மாறுவது, செலவுத் தலைப்புகளுக்கிடையே தொகையை நகர்த்துவது போன்றவற்றுக்கு, ஒரு வரம்பு வரை அலுவலர் நிலையிலேயே ஒப்புதல் தரும் அதிகாரத்தை விதிமுறையில் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் நோக்கமே மாறுவதாக இருந்தால் மட்டும் குழுவுக்குப் போகட்டும். கெட்ட செய்தியை முதலில் நம்மிடம் சொல்லும் நிறுவனத்துக்குத் தண்டனை கிடைத்தால், அடுத்த நிறுவனம் அதை மறைத்துவிடும்.

நிறுத்த வேண்டிய திட்டத்தை நிறுத்துவதும் கடமையே. தீர்மான மைல்கல்லில் எண் எட்டப்படவில்லை, மாற்று வழியும் நம்பத்தக்கதாக இல்லை என்றால், அதுவரையான நேர்மையான செலவை ஏற்று, ஊழியர்களுக்கு முறையான அறிவிப்புக் காலம் தந்து, கற்றதை அறிக்கையாகப் பெற்று முடித்துவிடுங்கள். நேர்மையாக நடந்த சோதனை தோல்வியில் முடிந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது; திரும்பக் கேட்பது முறைகேட்டுக்கும் தவறான தகவலுக்கும் மட்டுமே உரியது. இந்த வேறுபாடு ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பயனை அளப்பது

மேலிடத்திலிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் “எத்தனை டன் கரியமில வாயு குறைந்தது?” என்பதாகவே இருக்கும். முன்மாதிரி நிலையிலுள்ள நிறுவனத்தால் குறைந்த டன்கள் மிகச் சொற்பம். நாளை பத்து லட்சம் கருவிகள் விற்றால் குறையக்கூடியதை இன்று குறைந்ததாக எழுதினால் திட்டத்தின் நம்பகத்தன்மை போய்விடும். களத்தில் இயங்கும் கருவிகள் தந்த மின்சாரத்தை அளந்து, அந்த மின்கட்டமைப்புக்கு அந்த ஆண்டில் உரிய உமிழ்வுக் காரணியால் (ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயுவின் அளவு) பெருக்கி, அளந்ததைத் தனியாகவும் எதிர்பார்ப்பதைத் தனியாகவும் பதிவு செய்யுங்கள். முதல் ஆண்டுகளில் தயார்நிலையில் எத்தனை படி முன்னேற்றம், பெற்ற சான்றிதழ், திரட்டிய தனியார் முதலீடு, முதல் வாடிக்கையாளர் ஆகியவையே உண்மை நிலையைக் காட்டும்.

முடித்துவைப்பது

இறுதி அறிக்கை வந்தவுடன் மீதித் தவணை, செலவாகாத தொகையைத் திரும்பப் பெறுதல், மானியத்தில் வாங்கிய கருவிகள் யாருக்கு உரியவை என்ற ஆணை, காப்புரிமை விண்ணப்பங்களின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் முடித்து, நிறுவனத்துக்கு நிறைவுக் கடிதம் கொடுங்கள். முதலீட்டாளர்கள் கேட்கும் ஆவணங்களில் அந்தக் கடிதமும் ஒன்று. மானியம் முடிந்து 5 ஆண்டுகள் வரை, ஆண்டுக்கொருமுறை ஊழியர் எண்ணிக்கை, விற்பனை, முதலீடு ஆகிய மூன்று விவரங்களை மட்டும் தரும் கடப்பாட்டை ஒப்பந்தத்தில் முன்பே சேர்த்திருந்தால், திட்டத்தின் உண்மையான விளைவை அறிய முடியும். தேர்ந்தெடுக்கப்படாத நிறுவனங்களிடமும் விருப்பத்தின்பேரில் இதே விவரங்களைக் கேளுங்கள். தேர்வின் விளிம்பில் தவறியவர்களையும் தேறியவர்களையும் ஒப்பிட்டால்தான் மானியம் எதை மாற்றியது என்பது தெரியும்.

அடுத்த அழைப்புக்கான வரைவை எழுத உட்காரும்போது, மாற்றம் கேட்டு வந்த கடிதங்களின் பதிவேட்டை முதலில் திறந்து வையுங்கள். பல நிறுவனங்கள் ஒரே விதியில் திருத்தம் கேட்டிருந்தால் அந்த விதியையும், ஒரே சோதனைக்குக் கால நீட்டிப்புக் கேட்டிருந்தால் அந்த மைல்கல்லின் கால அளவையும், புதிய அழைப்பு வெளியாகும் முன் மாற்றிவிடுங்கள்.